பழைய வேனில் செல்ஃப் மோட்டார் புஷ்ஷை மாற்ற எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். வண்டிக்கு அடியில் படுத்தபடியே நான் மாற்றியிருக்கிறேன். உங்கள் வண்டியும் காலையில் ஒழுங்காகக் கிளம்பி, ஓடிச் சூடான பிறகு செல்ஃப் எடுக்காமல் முக்குகிறது, புது மோட்டார் போட்டும் தீரவில்லை என்றுதான் நினைக்கிறேன். என் கதையும் அதேதான்.

என்னுடையது பின்பக்க எஞ்சின் வைத்த பழைய வோக்ஸ்வேகன் வேன், மேனுவல் கியர். இதில் மோட்டார் தண்டின் முனையைத் தாங்கும் வெண்கல வளையமான புஷ் மோட்டாரில் இருக்காது, கியர் பாக்ஸின் பெல் ஹவுசிங்கில், அதாவது எஞ்சினோடு சேரும் மணி வடிவக் கூட்டில் இருக்கும். எத்தனை மோட்டார் மாற்றினாலும் அது பழையபடியே அங்கே உட்கார்ந்திருக்கும். தேய்ந்துவிட்டால் தண்டு ஒரு பக்கம் சாயும், மோட்டாருக்குள் சுற்றும் பகுதியான ஆர்மேச்சர் உள்ளே உரசும். இதைப் பார்க்காமல் ஒரு மெக்கானிக் எனக்கு இரண்டு மோட்டார் மாற்றினார். கழற்றியதைக் கேட்டபோது தரவும் இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! கெட்டுப்போன பொருளாக இருந்தாலும் அது வண்டிக்காரனுடையது. அந்த முதல் மோட்டாரைப் பிரித்துக் காட்டியிருந்தால், ஆர்மேச்சர் உரசிய தடம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். மோட்டாருக்கு வரும் தடித்த ஒயரில் சாவி போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும். மோட்டாரை இறக்கியதும் புஷ்ஷுக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். எனக்கு ஒரு பக்கம் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம், ஓட்டை முட்டை வடிவத்தில் இருந்தது.

அதை உள்பக்கமாகத் தட்டிவிடாதீர்கள். பெல் ஹவுசிங்குக்குள் விழுந்தால் வெண்கலம் காந்தத்தில் ஒட்டாது, அப்புறம் நிஜமாகவே எஞ்சினை இறக்க வேண்டிவரும். நான் டேப் என்ற மரை வெட்டும் கருவியை விட்டு புஷ்ஷுக்குள் மரை வெட்டினேன். புஷ்ஷைவிட அகலமான ஸ்பானர் சாக்கெட் ஒன்றை முட்டுக்கொடுத்து, அதன் வழியே போல்ட்டை ஏற்றி நட்டை முறுக்கினேன். கால் சுற்று, கால் சுற்றாக வெளியே வந்தது.

புதியதை வாங்கும்போது தண்டின் அளவைப் பாருங்கள். 6 வோல்ட் மோட்டாருக்கும் 12 வோல்ட் மோட்டாருக்கும் அளவு வேறு. நுண்துளை உள்ள வெண்கலம் என்பதால் இரவு முழுக்க எஞ்சின் ஆயிலில் ஊறவிட்டேன். முனை புஷ்ஷுக்குள் நுழைந்து, படி அதன் விளிம்பில் உட்காரும்படி கடைந்த கம்பியால் நேராக அடித்து இறக்கினேன். சாய்ந்து ஏறினால் நிறுத்திவிடுங்கள்.

எர்த் ஒயரைப் பார்க்காமல் புஷ்ஷைக் குறை சொல்கிறான் என்று யாராவது வருவார்கள். கியர் பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை அதற்கு முன்பே மாற்றிவிட்டேன், பேட்டரியும் நன்றாகத்தான் இருந்தது. முன்மூக்கிலேயே புஷ் உள்ள மோட்டார்களும் உண்டு, அவற்றுக்கு நான் சொன்னது பொருந்தாது.

மோட்டாரை ஏற்றி, ஒரு மணி நேரம் ஓட்டி, சூட்டோடு அணைத்துவிட்டு உடனே சாவியைத் திருப்பினேன். காலையில் சுற்றும் அதே வேகத்தில் சுற்றியது.