நின்றபடியே புதைந்த காடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்து ஜாகின்ஸ் கடலோரப் பாறைச் சரிவில் மரங்கள் நின்ற நிலையில் கல்லாகி இருக்கின்றனவாமே! 31 கோடி ஆண்டுகளாக விழாமல் நிற்பது எப்படி?

பதில்: அங்கே நிற்பவற்றில் பெரும்பாலானவை மரங்களின் வார்ப்புகள். லெபிடோடெண்ட்ரான், சிஜில்லேரியா ஆகிய அந்தக்கால மரங்கள் 30 மீட்டர் வரை வளர்ந்தாலும் உள்ளே வைரம் பாய்ந்த கட்டை மிகக் குறைவு. தண்டின் பெரும்பகுதி பட்டைதான். ஆற்று வெள்ளம் வண்டலைக் கொட்டி அடிமரத்தை மூடியதும் மேலே நீட்டிக்கொண்டிருந்த பகுதி அழிந்துபோனது. மண்ணுக்குள் இருந்த பகுதியிலோ உள்ளீடு மக்கி, பட்டை மட்டும் குழாயாக மிஞ்சியது. அடுத்த வெள்ளத்தின் மணல் அதற்குள் இறங்கி மணற்கல்லாக இறுகியது. பட்டை மெல்லிய கரிப்படலமாகச் சுற்றி ஒட்டியிருக்கும். நிலம் தொடர்ந்து தாழ்ந்துகொண்டே போனதால் ஒரு காட்டின் மேல் இன்னொரு காடு முளைத்துப் புதைந்தது. பிற்காலத்தில் பாறை அடுக்குகள் சாய்ந்துவிட்டதால் மரங்களும் சாய்ந்தே தெரியும்.

உள்ளீடு மக்கிய அந்த அடிமரப் பொந்துகளுக்குள்தான் ஹைலோனோமஸின் எலும்புகள் கிடைத்தன. நாம் அறிந்த மிகப் பழைய ஊர்வனவற்றுள் அதுவும் ஒன்று. 2008-இல் யுனெஸ்கோ இந்தக் கரையை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது மிகப் பொருத்தம்.

கேள்வி: கீழே கிடக்கும் கற்களில் எது எந்தச் செடி என்று எப்படி அடையாளம் காண்பது?

பதில்: இலை உதிர்ந்த தழும்பைப் பாருங்கள். சாய்சதுரங்கள் சுருள்வரிசையில் நெருங்கியிருந்தால் லெபிடோடெண்ட்ரான். தழும்புகள் நெடுக்காக, வரிசை வரிசையாக இறங்கினால் சிஜில்லேரியா. வட்டக் குழிகள் சிதறினாற்போல் இருந்தால் ஸ்டிக்மேரியா. இது தனிச் செடி அன்று, மேற்சொன்ன மரங்களின் வேர்ப்பகுதி. துண்டு துண்டாகக் கிடைத்ததால் ஒரே மரத்தின் வேருக்கும் தண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்துவிட்டார்கள்.

கணுக்களும் நெடுக்கு வரிகளும் இருந்தால் கலமைட்டிஸ், இன்றைய குதிரைவால் செடியின் உறவு. பலரும் ஏமாறுவது இங்கேதான்: பெரும்பாலும் கிடைப்பது தண்டின் நடுப்பொந்தில் நிரம்பிய மண். அதன் அகலத்தை வைத்துச் செடியின் பருமனைக் கணக்கிட்டால் தப்பாகிவிடும்.

உச்சிவெயிலில் தழும்புகள் மங்கிவிடும். காலை, மாலைச் சாய்வெயிலில் பாருங்கள். இல்லையென்றால் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடியுங்கள்.

கேள்வி: சிறு துண்டு ஒன்றை எடுத்து வரலாமா?

பதில்: கூடாது. அனுமதியின்றி எடுப்பது அந்த மாகாணச் சட்டப்படி குற்றம். அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, கிடந்த இடத்தைக் குறித்து, அங்குள்ள புதைபடிவ மையத்தில் சொல்லுங்கள். ஜாகின்ஸ் கரை இருக்கும் ஃபண்டி விரிகுடாவில் கடல் மட்டம் பத்து மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். கடல் ஏறும் நேரத்தில் தண்ணீர் பாறைச் சுவர்வரை வந்து திரும்பும் வழியை அடைத்துவிடும். அதனால் அன்றைய கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, கடல் வற்றத் தொடங்கிய பின் இறங்கி, மீண்டும் ஏறுமுன் கரை சேருங்கள். சுவரடியில் நிற்கவே வேண்டாம். மழைக்கும் உறைபனிக்கும் பின் கல் சரியும்.