எதற்கு எதிராக ரோபஸ்ட்?

கேள்வி: வேலைக்கு மனுப் போடும் என் மகன் பயோடேட்டாவில் 'ஐ ஆம் எ ரோபஸ்ட் பர்சன்' என்று எழுதியிருக்கிறான். இது சரியான பிரயோகமா? ரோபஸ்ட் என்றால் உண்மையில் என்ன? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: டிகிரி காபி ஊரில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே சார்! காபிக்கொட்டைக் கடையில் பீபெரிக்கும் பிளான்டேஷனுக்கும் ஒரு படி கீழே, கொஞ்சம் மலிவாக வைத்திருப்பார்களே ரோபஸ்டா, அதுவும் இதுவும் ஒரே சொல்தான். லத்தீனில் ரோபர் என்றால் ஓக் மரம், அதன் வைரம் பாய்ந்த உறுதி. கோர்ட்டில் ஒரு சாட்சி இன்னொரு சாட்சிக்கு வலு சேர்த்தால் 'கரோபரேட்' செய்கிறார் என்பார்களே, அதற்குள்ளும் இந்த ஓக் மரம்தான் நிற்கிறது.

பையன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எழுபது வயதுத் தாத்தாவை 'இன்னும் ரோபஸ்டாக இருக்கிறார்' என்றால் அழகு. இளவட்டம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டால் பளுதூக்கும் போட்டிக்கு மனுப் போட்டிருக்கிறான் என்று நினைப்பார்கள். அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

இப்போது காபிக்கு வருகிறேன், எனக்கு அதில்தான் ருசி. இலங்கை மலைகளில் நம் ஜனங்கள் காட்டை வெட்டி வளர்த்ததெல்லாம் அராபிகா கோப்பி. 1869-ல் அங்கே இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இலைக்கு அடியில் ஆரஞ்சுத் தூள், அப்புறம் இலை உதிர்ந்து செடி மொட்டை. இருபது வருஷத்துக்குள் கோப்பிக்காலம் முடிந்து தேயிலைக்காலம் வந்துவிட்டது. ஜாவாவிலும் அதே துரு, அதே அழிவு. அங்கே 1900-ஐ ஒட்டி ஆப்பிரிக்காவின் கனெபோரா என்ற இன்னொரு காபிச் செடி போய் இறங்கியது. துரு வந்தும் அசையவில்லை. பெல்ஜியச் செடி வியாபாரிகள் அதை ரோபஸ்டா என்ற பெயரில் விற்றார்கள். விளம்பரத்துக்கு வைத்த பெயர் உலகம் பூராவும் ஒட்டிக்கொண்டது. அதில் காஃபின் அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கசப்பும் அதற்கேற்றபடி. இதை மட்டமாகப் பேசும் அராபிகா பக்தர்களுக்கு ஒரு தகவல்: கனெபோராவும் யூஜினியாய்டஸ் என்ற காட்டுக் காபியும் கலந்து பிறந்ததுதான் அராபிகா. அப்பனைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, அந்த ரோபஸ்டா எல்லாவற்றையும் தாங்குமா என்றால், கிடையாது. குளிர் ஆகாது. கோடையில் செடியைப் பூக்கவைக்கும் பூ மழை தவறினால் குடகில் ஸ்பிரிங்க்ளரை ஓட்டிக்கொண்டு நிற்கிறார்கள். துருவுக்கு முன்னால்தான் அது ஓக் மரம்.

வாழையில் இன்னும் வேடிக்கை. பழக்கடையில் ரோபஸ்டா என்று நீளமாகத் தொங்குகிறதே, அது கேவண்டிஷ் வகை. பழுத்தபின் தாங்காது, தூரத்துக்கு அனுப்பத் தோதில்லை என்று தோட்டக்கலைக்காரர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். வாங்கி இரண்டு நாள் கூடையில் வைத்துப் பாருங்கள், ஓக் மரம் எந்தக் கதியில் இருக்கிறது என்று தெரியும். உலகச் சந்தையை முன்பு ஆண்ட கிரோ மிஷேல் வாழையைப் பனாமா வாடல் என்ற பூஞ்சை நோய் ஒழித்தபோது தாக்குப்பிடித்தது இந்தக் கேவண்டிஷ்தான். இப்போது டிஆர்4 என்று அந்த வாடலிலேயே புது ரகம் வந்து கேவண்டிஷையும் படுக்கப்போடுகிறது.

அதனால்தான் ரோபஸ்ட் என்று யார் சொன்னாலும் 'எதற்கு எதிராக?' என்று கேட்பேன். புள்ளியியல்காரர்கள் ஒழுங்கானவர்கள். 1953-ல் ஜார்ஜ் பாக்ஸ் இந்தச் சொல்லைத் தங்கள் துறைக்குள் கொண்டுவந்தபோதே, இன்ன அனுமானம் பொய்த்தாலும் கணக்கு கவிழாமல் நிற்கும் என்று அனுமானத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் இருந்தது. வங்கிகளின் காலாண்டு அறிக்கைகளில் அது கிடையாது. ரோபஸ்ட் வளர்ச்சி, ரோபஸ்ட் கட்டமைப்பு. நம் பத்திரிகைகள் அதை அப்படியே 'வலுவான' என்று போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகின்றன. நான் 'எதற்கு எதிராக வலு?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினால் உதவி ஆசிரியர்கள் என்னை வில்லனாகப் பார்க்கிறார்கள். பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் 'ரோபஸ்டாக விவாதித்தோம்' என்றால் மேஜையைக் குத்திக் கத்தினார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாகச் சிக்கரி. பேசாமல் விடுவேன் என்றா நினைத்தீர்கள்? காபி–சிக்கரி கலவையில் 51 சதவீதம் காபி இருந்தால் போதும் என்கிறது சட்டம். மீதி 49-ம் காஃபினே இல்லாத ஒரு வேரின் பொடியாக இருக்கலாம். கறுப்பாக, கெட்டியாக டிகாக்‌ஷன் இறங்கியதும் 'ஸ்ட்ராங்கா இருக்கு' என்று தலையாட்டுகிறோம். நிறம்தான் ஸ்ட்ராங். இதைப் போன தடவை எழுதியதற்குச் சிக்கரி கட்சியினர் பக்கம் பக்கமாக மறுப்பு அனுப்பினார்கள். இந்தத் தடவையும் அனுப்புவார்கள். பாக்கெட்டில் சதவீதம் அச்சிட்ட பக்கத்தையும் கத்தரித்து இணைத்தால் பிரசுரிக்கிறேன்.