மின்சாரம் வந்துபோகும் இரவுகளில் அலறும் அலாரம்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "நான்கு வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருக்கும் மகன் காசு அனுப்பி வீட்டுக்குத் திருடர் அலாரம் பூட்டுவித்தார். சில மாதங்களாக அது நள்ளிரவில் காரணமில்லாமல் அலறுகிறது. பெரும்பாலும் மின்சாரம் போய்வரும் இரவுகளில்தான். பூட்டியவர் வந்து பார்த்துவிட்டு, ஆறு சென்சர்களும் பழுது, மாற்றுவதற்கு 85,000 ரூபா என்கிறார். அயலவர்கள் சலித்துப்போனார்கள். இப்போது அலாரத்தை நிறுத்தியே வைத்திருக்கிறேன். தனியாக இருப்பவள். மாற்றத்தான் வேண்டுமா?"

வேண்டாம், ரீச்சர். முற்பணம் என்று ஒரு ரூபாவும் கொடுத்துவிடாதீர்கள்.

ஆறு சென்சர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே காலத்தில் பழுதாவதில்லை. ஆறுக்கும் பொதுவானது எது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அது பிரதான பெட்டிக்குள் இருக்கும் பற்றரி. மின்சாரம் போனதும் முழு அலாரத்தையும் தாங்குவது அதுதான். பற்றரி சோர்ந்தால் சென்சர்களுக்குப் போகும் மின்சாரம் தளரும். ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சருக்குள் ஒரு சிறு தொடுப்பு மின்சாரம் உள்ளவரை மூடியிருக்கும்; மின்சாரம் தளர்ந்தால் திறந்துவிடும். பெட்டிக்கு அது கள்ளன் நடந்தது போலவே தெரியும். வெளிச்சுவரில் உள்ள சைரனுக்குப் பெரும்பாலும் சொந்தப் பற்றரியும் உண்டு. கள்ளன் வயரை அறுத்தாலும் அலற வேண்டும் என்பதற்காக, உள்ளிருந்து வரும் மின்சாரம் நின்றாலே அது அலறும்படி செய்திருக்கிறார்கள். உங்கள் சைரன் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

இந்தப் பற்றரி, மின்சாரம் போனால் கணினியைத் தாங்கும் யூபிஎஸ் பெட்டியில் உள்ள அதே 12 வோல்ட் ஈயப் பற்றரிதான். குளிர்ந்த இடத்தில் 3 முதல் 5 வருடம் உழைக்கும். வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கச்சான் காற்றுக் காலத்தில் கூரைத் தகட்டுக்குக் கீழே சுவரில் மாட்டிய பெட்டி எப்படிக் கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு வருடம் உழைத்ததே பெரிய காரியம்.

நீங்களே சோதிக்கலாம். பகலில் அயலவர்களிடம் சொல்லிவிட்டு, அலாரத்தை நிறுத்திய நிலையிலேயே வைத்து, பெட்டிக்குப் போகும் பிளக்கைக் கழற்றுங்கள். நல்ல பற்றரி காலையிலிருந்து மாலை வரை அசையாமல் தாங்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் எண்பலகையின், அதாவது நீங்கள் இரகசிய எண்ணை அழுத்தும் பலகையின், விளக்கு மங்கினால், அல்லது வெளிச்சைரன் அலறினால், பதறாமல் பிளக்கைத் திரும்பச் சொருகுங்கள். விடை கிடைத்துவிட்டது. யூபிஎஸ் திருத்தும் எவரும் பற்றரியை மாற்றித் தருவார். சில ஆயிரம் ரூபாவோடு முடியும். பெட்டியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள், உள்ளே 230 வோல்ட் இருக்கிறது.

மாலை வரை தாங்கினால், எந்த சென்சர் அலறவைத்தது என்பதை எண்பலகையின் பதிவில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இலக்கம் காட்டினால் அந்த ஒன்றில்தான் கோளாறு. பெரும்பாலும் சென்சரின் முகப்பு மேல் ஊரும் பல்லி, உள்ளே கூடு வைத்த எறும்பு, மாரியில் உப்பிய கதவு.

சென்சரை மாற்றத்தான் வேண்டிய நிலை ஒன்றும் உண்டு. அதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பூட்டியவர் உங்களிடம் இதைத்தான் சொல்லப்போகிறார். எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் இடையே இருக்கிறோம். உப்புக்காற்று வயர் நுழையும் துளை வழியே உள்ளே போய்ச் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். ஆகவே அவர் சொல்வது பொய்யாகத்தான் இருக்கும் என்றில்லை. ஆனால் ஒவ்வொரு சென்சரையும் உங்கள் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். வயரை இறுக்கும் திருகாணியில் மட்டும் களிம்பு என்றால், வயர் நுனியை வெட்டிப் புதிதாகச் சுரண்டிப் பூட்டினால் போதும். களிம்பு சென்சருக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில் படர்ந்திருந்தால் அந்த ஒன்றை மாற்ற வேண்டும். அந்த ஒன்றை மட்டும். கடலைப் பார்த்த அறையில் கெட்டது நடுக்கூடத்திலும் கெட்டிருக்கும் என்று எவரும் வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். மாற்றிய பின் துளையை சிலிக்கனால் அடைக்க வேண்டும். கழற்றிய பழையதை உங்களிடமே விட்டுப்போகச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் "பழுது" என்று கழற்றியதைத் துடைத்து அடுத்த ஊரில் புதிதென்று பூட்டியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அவர் பெட்டியைத் திறக்கும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நெல்மணி அளவில் நிறக்கோடுகளுடன் தடையி என்ற சிறு பொருள் இருக்கும். அது இருக்க வேண்டிய இடம் பெட்டி அல்ல, வயரின் மறுமுனை, அதாவது சென்சருக்குள். அப்போதுதான் இடையில் இரண்டு வயர்களை எவராவது ஒன்றோடொன்று தொடுத்துவிட்டாலும் பெட்டிக்குத் தெரியும். ஏணியில் ஏறும் சோம்பலில் பலர் ஆறு தடையிகளையும் பெட்டிக்குள்ளேயே வரிசையாகப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். அலாரம் வேலை செய்யும், ஒலிக்கும், நீங்களும் நம்பிப் படுப்பீர்கள். ஆனால் வர்ணம் பூச வந்தவர் பகலில் இரண்டு வயர்களை முறுக்கிவிட்டால் அந்த அறை அன்றிலிருந்து குருடு. பல வருடங்களாக இதைச் சொல்லி வருகிறேன். வெளிநாட்டுப் பிள்ளையோடு தொலைபேசியில் விலை பேசி, தரகுப் பணத்தை எடுத்துக்கொண்டு, வேலையை இன்னொருவர் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கும் வரை இது தொடரும். தாய் தனியே தூங்கும் வீடு என்று ஒரு கணம் நினைத்தால் ஏணியில் ஏற மாட்டார்களா?

நிறுவுநர் இரகசிய எண்ணையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் தினமும் அழுத்தும் எண் வேறு, இது வேறு. இதை வைத்திருப்பவரால்தான் அமைப்பை மாற்ற முடியும். கொடுக்க மறுப்பதன் நோக்கம், நீங்கள் வேறு ஒருவரிடம் போகக்கூடாது என்பதுதான். காசு கொடுத்து வாங்கியது உங்கள் பொருள்.

முறைப்பாடு செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை விற்ற அல்லது சேவை வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தடையி தவறான இடத்தில் இருப்பது மூன்று மாதத்தில் எந்த வீட்டாருக்குத் தெரியும்? பற்றரி எப்போது சாகும், மூன்று மாதத்திலா? இப்படி ஒரு காலவரையறையை வைத்துக்கொண்டு நுகர்வோரைப் பாதுகாக்கிறோம் என்பது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. நான்கு வருடத்துக்கு முந்தைய வேலைக்கு இனி வழியில்லை. இப்போது செய்யும் வேலைக்காவது பற்றுச்சீட்டு வாங்குங்கள், அதில் மாற்றிய பொருளின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

இன்னும் ஓர் இரவும் அலாரத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். நாளை காலையே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். புதிய பற்றரி போட்டதும் அதன் மேல் திகதியை மார்க்கரால் எழுதுவித்து, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். அயலவர்களிடம் போய், பழுது பற்றரியில்தான் இருந்தது, திருத்தியாயிற்று, இனி ஒலித்தால் எட்டிப் பாருங்கள், 119க்கு அழையுங்கள் என்று நேரில் சொல்லிவிடுங்கள். பிறகும் இரவில் ஒலித்தால், எண்பலகையில் தெரியும் இலக்கத்தைக் குறித்து எனக்கு எழுதுங்கள்.