பங்காளி வீடும் பட்டமும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் நடந்த பரிணாமவியல் உரையில், "மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?" என்று ஒரு முதியவர் கேட்டார். பேச்சாளர், "முதலில் புத்தகம் படித்துவிட்டு வாருங்கள்" என்றதும் அரங்கமே சிரித்தது. அறிவியல் பட்டதாரிகளின் தனிச்சொத்தா? பரிணாமத்தை மறுப்பவர்களையும் சரிசமமாக மேடையேற்றி, மக்களே முடிவு செய்யட்டும் என்று விட்டால் என்ன?

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

அன்று மூன்றாம் வரிசையில் இருந்த நானும் சிரித்தேன். அந்தப் பெரியவர் நான்காக மடித்த குறிப்புத் தாளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு உட்கார்ந்ததைக் கண்ட பிறகுதான் என் சிரிப்பு அடங்கியது. இத்தனைக்கும், அவர் கேள்விக்கு விடை சொல்ல ஒரு நிமிடம் போதும். தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவில் நம் கைப்பையைப் பறிக்க வரும் நீள்வால் குரங்கு நமக்குப் பாட்டன் அன்று, பங்காளி, 2.5 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிடமிருந்து இரு கிளைகளும் பிரிந்து தனித்தனியே மாறி வந்திருக்கின்றன. நாம் தனிக்குடித்தனம் போய்விட்டதால் பங்காளி வீடு இடிந்துவிட வேண்டுமா என்ன?

பட்டத்துக்கு வருகிறேன். சூழலுக்கு ஏற்ற பண்புடைய உயிர்களே மிகுதியாகப் பிழைத்துப் பெருகும் என்னும் இயற்கைத் தேர்வை டார்வினைச் சாராமல் கண்டடைந்த ஆல்பிரட் ரசல் வாலஸ், பதினான்கு வயதளவில் பள்ளியை விட்டவர். 1854 முதல் 1862 வரை சிங்கப்பூர், மலாக்கா, சரவாக், அதற்கும் கிழக்கேயுள்ள தீவுகள் என்று அலைந்து 1,25,660 உயிரின மாதிரிகளைச் சேர்த்த அவருடைய கட்டுரை, 1858 ஜூலை 1 அன்று இயற்கையியல் அறிஞர்கள் கூடும் லண்டன் லின்னியன் சங்கத்தில் டார்வினின் எழுத்துகளோடு சேர்த்து வாசிக்கப்பட்டது. பட்டமில்லாத அவருக்கு உழைத்துத் திரட்டிய சான்றுகளே கதவைத் திறந்தன. (அவருக்காகப் பறவைகளைச் சுட்டு, தோலுரித்துப் பதப்படுத்திய சரவாக் இளைஞர் அலியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மேட்டிமையைப் பற்றிய பேச்சை அங்கிருந்தும் தொடங்கலாம்.)

ஆனால் உங்கள் இரண்டாம் கோரிக்கையை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்கும் வாலஸையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1870இல், பூமி தட்டை என்று வாதிட்ட ஜான் ஹாம்டன் 500 பவுண்டு பந்தயம் கூற, வாலஸ் அதை ஏற்றார். இங்கிலாந்தில் ஆறு மைல் நீளமுள்ள நேர்க்கால்வாய் ஒன்றில், நீர்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் அடையாளங்களை நிறுத்தித் தொலைநோக்கி வழியாகப் பார்த்தபோது, பூமி வளைந்திருப்பதால் நடுவிலிருந்தது உயர்ந்து தெரிந்தது. நடுவர் வாலஸ் வென்றதாக அறிவித்தார். ஹாம்டன் ஒப்புக்கொள்ளவில்லை. சிறைக்குப் போன பிறகும் பல ஆண்டுகள் வசைக் கடிதங்கள் எழுதினார். பந்தயம் சட்டப்படி செல்லாது என்பதால் அந்தப் பணமும் வாலஸிடம் நிலைக்கவில்லை. சான்றைக் கண்முன் காட்டிய பிறகும் அசையாதவரைச் சமமேடையில் அமர்த்தினால், இரு தரப்பிலும் ஒரே எடையில் சான்று இருக்கிறது என்ற பொய்த்தோற்றம்தான் பார்ப்பவர் மனத்தில் பதியும். கையுயர்த்தி எண்ணுவதால் கால்வாயின் வளைவு மாறப்போவதில்லை.

அன்று கேள்வி கேட்ட பெரியவர் ஹாம்டன் அல்லர். அவருக்கு விடை தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பேச்சாளர் அவரையும் ஹாம்டன் போன்றவர்களையும் ஒரே தட்டில் நிறுத்தியதே அன்று நேர்ந்த பிழை. அடுத்த கூட்டத்தில் கேள்வி நேரத்தை உரையின் அளவுக்கு நீட்டுமாறு ஏற்பாட்டாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். அந்தப் பெரியவரை நீங்கள் அறிவீர்களாயின், பங்காளி விடையை என் மன்னிப்போடு சேர்த்து அவரிடம் கொடுத்துவிடுங்கள்.