கை நோகுது, குரலால் எழுத என்ன வாங்குவது?

விரல் மூட்டுவாதம். மொழிபெயர்ப்புத்தான் தொழில். தமிழில் பேசினால் எழுதும் என்று சொல்லி ஒரு கடையில் டிராகன் மென்பொருளை 22,000 ரூபாவுக்குத் தந்தார்கள். தமிழ் வரவே இல்லை. ‘பழகப் பழக வரும்’ என்கிறார் கடைக்காரர்.
– கிண்ணியா வாசகி

வராது சகோதரி. டிராகன் 1997இல் வந்தது. ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என்று சில மொழிகளில் நல்ல பெயர் எடுத்தது, ஆனால் தமிழ் அதில் கிடையாது. நோவோடு வருகிறவரிடம் இப்படிப் பொய் சொல்லிக் காசு வாங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். 1977ஐ அழைத்தால் வழி சொல்வார்கள்.

வேலை நிற்கக் கூடாது. குரோமில் கூகுள் டொக்ஸைத் திறந்து, குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழைத் தெரிவு செய்யுங்கள். 2017இலேயே கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழைச் சேர்த்துவிட்டது. ஒரு சதமும் கேட்காது.

16 ஜிபி ராம் உள்ள லப்டொப் எடுத்தால் குரல் தட்டச்சு பிழையில்லாமல் வருமா?
– மூதூர்

இல்லை. கூகுளில் உங்கள் பேச்சை எழுத்தாக்கும் வேலை உங்கள் லப்டொப்பில் அல்ல, இணையத்துக்கு அப்பால் அவர்களுடைய சேர்வர் கணினிகளில் நடக்கிறது. இருக்கிற லப்டொப் போதும்.

அலுவலகத்தில் தட்டச்சு வேலை. மணிக்கட்டில் நரம்பு அமுங்கி நோ. மேசை மைக் வாங்கவா, ஹெட்செட் வாங்கவா?
– உவர்மலை

ஹெட்செட். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் கையும் இதில் பட்டது. வட்டத் தாங்கியில் நிற்கும் மேசை மைக் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அது என் குரலோடு மேலே சுற்றும் ஃபானையும், மதிலில் இருந்த காகத்தையும், பக்கத்து வீட்டு கிரைண்டரையும் சேர்த்து எடுத்தது. நான் சொல்லாத சொற்கள் திரையில் வந்தன. ஒவ்வொன்றையும் கையால்தான் திருத்தினேன். அன்று இரவு மணிக்கட்டு வீங்கிவிட்டது. மைக் சரியில்லாவிட்டால் நோ குறையாது, கூடும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை.

யூஎஸ்பி ஹெட்செட் எடுங்கள். சொருகும் இடத்தில் வட்ட முனை உள்ளதென்றால் முனையைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள்: கறுப்பு வளையம் இரண்டென்றால் அது பாட்டுக் கேட்க மட்டும், மூன்றென்றால் மைக்கும் உண்டு. புளூடூத்தில் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் பல ஹெட்செட்டுகளில் ஒலியின் தரம் இறங்கிவிடும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல், உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். லப்டொப்பைக் கடைக்கே கொண்டுபோய், அவர்களுடைய ஃபானுக்குக் கீழே நின்று மூன்று வசனம் பேசிப் பார்த்து வாங்குங்கள். பார்க்க விடாவிட்டால் திரும்பி வாருங்கள்.

பேஸ்புக்கில் பார்த்து ஹெட்செட்டுக்கு வங்கியில் காசு போட்டேன். மூன்றாம் நாள் மைக் செத்துவிட்டது. பில் இல்லை. பக்கமும் இப்போது இல்லை.
– நிலாவெளி

பில் கேட்கவில்லை, முகவரி கேட்கவில்லை, காசை மட்டும் போட்டிருக்கிறீர்கள். எத்தனை தரம் எழுதிவிட்டேன்! வங்கிச் சிட்டையோடு பொலிசுக்குப் போங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

காந்தக் காப்பு போட்டால் மூட்டு நோ குறையுமா?
– அலஸ்தோட்டம்

வாங்க வேண்டாம். இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தார் முடக்குவாதம் என்ற மூட்டு நோய் உள்ள 70 பேரிடம் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். காந்தப் பட்டியோ செப்புக் காப்போ போலிப் பட்டியைவிட நோவையும் குறைக்கவில்லை, வீக்கத்தையும் குறைக்கவில்லை. நானும் ஒன்று வாங்கி எட்டு மாதம் கட்டியிருந்தேன்.

‘முற்றுப்புள்ளி’ என்று சொன்னால் அந்தச் சொல்லையே டொக்ஸ் எழுதுகிறது. ஒரு மணித்தியாலம் பேசினால் தொண்டையும் நோகிறது.
– தம்பலகாமம்

எழுதட்டும், விடுங்கள். கடைசியில் விசைப்பலகையில் கண்ட்ரோல் (Ctrl), எச் (H) இரண்டையும் சேர்த்து அழுத்தி, அந்தச் சொல் வரும் இடமெல்லாம் புள்ளியாக ஒரே தரத்தில் மாற்றலாம். கைக்கு அவ்வளவுதான் வேலை. தொண்டைக்கு, செய்தி வாசிப்பதுபோல் குரலை உயர்த்தாமல் வீட்டில் கதைக்கிற மாதிரிக் கதையுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள். குரல் கரகரத்து மூன்று கிழமை தாண்டினால் ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குக் கட்டாயம் போங்கள்.