காலையில் திரும்பாத சாவி: வாகனப் பராமரிப்பு கேள்வி – பதில்

கேள்வி: என்னுடைய 100 சிசி மோட்டார் சைக்கிளுக்கு 12 வயதாகிறது. காலை நேரத்தில் சாவி தடையில்லாமல் உள்ளே போகிறது, ஆனால் திரும்புவதில்லை. வெகுநேரம் ஆட்டி அசைத்த பிறகுதான் வழிக்கு வருகிறது. அதே வண்டியைச் சேலத்துக்குக் கொண்டுபோய் மதியம் எடுத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. அவ்வப்போது தேங்காய் எண்ணெய் விட்டு வருகிறேன். விட்ட அன்று நன்றாக இருந்து, பிறகு மீண்டும் இறுகிவிடுகிறது. லாக்கையே மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். லாக்கை மாற்றுவதற்கு முன்னால், அதற்குள் தாங்கள் விட்டிருக்கும் தேங்காய் எண்ணெயை வெளியேற்றிப் பாருங்கள். காலையில் இறுகி மதியம் இளகுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் காலைக் குளிர் பெரும்பாலான மாதங்களில் அந்த அளவுக்குக் கீழேதான் இருக்கிறது. மார்கழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மலையிறங்கிச் சேலம் வெயிலில் வண்டி நின்றதும் உறைந்த எண்ணெய் உருகி, சாவியும் சொன்னபடி கேட்கிறது.

இக்னிஷன் லாக்கின் உருளைக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு சிறு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். சாவி இல்லாதபோது இத்தகடுகளின் முனைகள் உருளைக்கு வெளியே நீண்டு, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் அமர்ந்து உருளையைத் திரும்பவிடாமல் தடுக்கின்றன. சரியான சாவி நுழைந்தால், அதன் வெட்டுகளுக்கு ஏற்பத் தகடுகள் அனைத்தும் உள்ளே அடங்கிவிடும். ஒரே ஒரு தகடு அழுக்கில் ஒட்டிக்கொண்டு பாதியில் நின்றாலும் உருளை அசையாது. அந்த ஸ்பிரிங்குகளுக்கு உறைந்த எண்ணெயைத் தள்ளிக்கொண்டு நகரும் வலு கிடையாது. என்ஜின் ஆயிலோ கிரீஸோ விட்டாலும் கதை இதுதான். உறையாவிட்டாலும் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு நாளடைவில் கருஞ்சேறாகிவிடும். லாக்கின் வாய் வானத்தைப் பார்த்தபடி இருப்பதால் பனிமூட்டத்தின் ஈரமும் சாலையின் செம்மண் தூசியும் நேராக உள்ளே இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்வது கடினமன்று, பொறுமை வேண்டும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். ஸ்பிரேக்கள் தீப்பற்றக்கூடியவை என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. மின்பொருள் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயில், பிளாஸ்டிக்கைப் பாதிக்காதது என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். டேங்கின் மேல் பழந்துணியை விரித்து, ஸ்பிரேயின் மெல்லிய குழாயைச் சாவித் துளைக்குள் வைத்து அடித்து, சாவியைப் பலமுறை நுழைத்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் சாவியைத் துணியில் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் வெளியே வந்த அழுக்கைத் தாங்களே திரும்ப உள்ளே அனுப்புகிறீர்கள். சாவியில் கறுப்பு ஒட்டாத நிலை வரும்வரை இதைத் தொடருங்கள். டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரேயும் பழைய எண்ணெயைக் கரைக்கும். ஆனால் அது கழுவுவதற்குத்தான் ஏற்றது. அது விட்டுச்செல்லும் மெல்லிய படலமும் தூசியைப் பிடிக்கும். பெட்ரோலை ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

லாக் முழுவதும் காய்ந்த பிறகு, கிராஃபைட் தூளைச் சாவியின் மேல் சிறிதளவு தடவி நுழைத்து எடுங்கள். தூள் கிடைக்காவிட்டால் 6பி போன்ற மென்மையான பென்சிலைச் சாவியின் வெட்டுகளில் தேய்த்தாலும் போதும். இரண்டு எச்சரிக்கைகள்: ஈரமோ எண்ணெயோ மிச்சமிருக்கும்போது கிராஃபைட் போட்டால் அது பசையாகிவிடும், கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், லாக்கின் அடியில் இருக்கும் மின்தொடர்புத் தகட்டில் கொட்டும் அளவுக்குத் தூவக் கூடாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஹேண்டில் லாக் போட்டுச் சரிவில் நிறுத்திய வண்டியில், ஹேண்டிலின் முழு எடையும் லாக்கின் இரும்பு நாக்கின் மேல் சாய்ந்திருக்கும். அப்போது லாக்கில் பழுதே இல்லாவிட்டாலும் சாவி திரும்பாது. ஹேண்டிலை ஒரு விரற்கடை இப்படியும் அப்படியும் அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பிப் பாருங்கள். குறடு வைத்துத் திருகுவது சாவியை முறித்து உள்ளேயே விட்டுவிடும்.

கேள்வி: என் வண்டியின் சாவி தேய்ந்துபோனதால், அதைக் கொடுத்து டூப்ளிகேட் போட்டேன். புதுச் சாவி பழையதைவிட மோசமாக மாட்டிக்கொள்கிறது. ஏன்?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தேய்ந்த சாவியை நகலெடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகிறது, வெட்டும்போது நேரும் சிறு பிசகு அதன்மேல் கூடுகிறது. வண்டி வாங்கியபோது கொடுத்த இரண்டாவது சாவி பயன்படுத்தப்படாமல் வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதை மாதிரியாகக் கொடுத்து வெட்டச் சொல்லுங்கள். சில வண்டிகளின் சாவியோடு எண் பொறித்த சிறு வில்லை ஒன்று வரும். அந்த எண்ணை வைத்துப் புதுச் சாவி பெற முடியுமா என்று ஷோரூமில் கேட்கலாம். தேயாத சாவிக்கும் லாக் இணங்கவில்லை என்றால் உள்ளிருக்கும் தகடுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அப்போது இக்னிஷன், பெட்ரோல் டேங்க் மூடி, பக்கவாட்டு மூடி ஆகியவற்றுக்கு ஒரே சாவி வரும்படி லாக் செட்டாக மாற்றுவதே நல்லது. அதற்குப் பிறகாவது வீட்டுச் சாவி, கடைச் சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து இக்னிஷனில் தொங்கவிடாதீர்கள். அந்தக் கொத்து ஒவ்வொரு குலுக்கலிலும் ஆடி, சாவியையும் தகடுகளையும் அராவிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பெட்ரோலை மிச்சப்படுத்தச் சாவியை ஆஃப் செய்துவிடுவேன். அண்மைக்காலமாகச் சாவி மாட்டிக்கொள்வதால், திரும்ப ஆன் செய்யச் சிரமமாக இருக்கிறது.
– வாசகர், கொண்டப்பநாயக்கன்பட்டி

பதில்: லாக்கை முதல் பதிலில் சொன்னபடி சுத்தம் செய்துகொள்ளுங்கள், ஆனால் இந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் நியூட்ரலில் என்ஜினை நிறுத்தி இறங்கினால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலை முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்து, அது சூடேறிப் பிடிப்பை இழக்கக்கூடும். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எதுவும் வேலை செய்யாது என்பதால், பனிமூட்டத்தில் பின்னால் வரும் பேருந்துக்குத் தாங்கள் பிரேக் பிடிப்பதே தெரியாது. கியரில் வைத்துக்கொண்டே ஆஃப் செய்தாலும் லாபமில்லை. கார்புரேட்டர் வண்டியில் என்ஜின் சுழலும்வரை பெட்ரோல் உறிஞ்சப்பட்டு எரியாமல் சைலன்சருக்குப் போகும். ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டியோ, கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது பொதுவாகத் தானே பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். என்ஜினை ஓடவிட்டு, இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இறங்குங்கள். சாவியை அடிவாரம் வந்து வண்டியை நிறுத்திய பிறகு தொட்டால் போதும்.