ஊதா யானைக்கு எத்தனை மார்க்?

ஈராசிரியர் பள்ளியில் மூன்று, நான்கு, ஐந்து வகுப்புகளை நான் ஒருத்தியே பார்க்கிறேன். எனக்குச் சுத்தமாகப் படம் வரைய வராது. பதிவேட்டில் கலைக்கு கிரேடு போடும் நாள் வந்தால் எல்லாருக்கும் ‘ஏ’ போட்டு மூடிவிடுகிறேன். உறுத்தலாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்

நானும் போட்டிருக்கிறேன், அதுவும் பச்சை மையில், ஒரே மூச்சில், முப்பத்தைந்து ‘ஏ’. தப்பு முழுக்க உங்களுடையது இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே கலைக்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்று சொல்வது ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குத்தான், அதுவும் பிள்ளைகள் நூறு பேருக்கு மேல் இருந்தால். 2012-இல் தமிழ்நாட்டில் பதினாறாயிரத்துக்கும் மேல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோதும் தொடக்கப் பள்ளிப் பக்கம் ஓவிய ஆசிரியர் வரவில்லை. ஆக, ஒன்று முதல் ஐந்து வரை தமிழும் கணக்கும் நடத்துகிற அதே ஆள்தான் ஓவிய வாத்தியார், பாட்டு வாத்தியார் எல்லாம்.

உங்களுக்கு வரைய வராது என்பதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். வரையத் தெரிந்தவர்கள் கரும்பலகையில் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் குடிசையும் தென்னை மரமும், வானத்தில் டிக் போட்ட மாதிரி நாலு பறவை என்று போட்டுவிட்டு “இதைப் பார்த்து வரையுங்கள்” என்பார்கள். முப்பது நோட்டிலும் ஒரே மலை. அதற்கு என்ன மார்க் போடுவது? யார் நன்றாகக் காப்பி அடித்தார் என்றுதான் போட முடியும். நீங்கள் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான் எதை மதிப்பிட முடியும் என்பது அடங்கியிருக்கிறது, அதனால் முதலில் மாற வேண்டியது பதிவேடு இல்லை, அந்த நாற்பது நிமிஷப் பாடவேளை.

‘மழைக்காலம்’ என்று தலைப்பு கொடுக்காதீர்கள், மலையும் குடையும்தான் வரும். “நேற்று ராத்திரி மழை பெய்ததே, உங்கள் வீட்டில் தண்ணீர் எங்கே ஒழுகியது, யார் பாத்திரம் வைத்தார்கள், ஆட்டை எங்கே கட்டினீர்கள்?” என்று ஐந்து நிமிஷம் பேசவிடுங்கள். அப்புறம் தாளைக் கொடுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஓர் ஆடும் ஒரு குண்டானும் போடும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை திண்ணையில் நனைகிற தாத்தாவையும் சேர்க்கும். மூன்று வகுப்புக்கும் தலைப்பு ஒன்றுதான், உங்களுக்கு வேலை மிச்சம். கிரயான் இல்லையென்றால் அடுப்புக்கரி, செங்கல் துண்டு, மஞ்சள், அரைத்த இலை போதும்.

இனி மதிப்பீடு. பருவத்துக்கு ஒன்றாக வருஷத்தில் மூன்று படங்களை எடுத்து வையுங்கள், மூன்றுக்கும் ஒரே பொருள்: ‘நான் விளையாடுகிறேன்’. பின்பக்கம் தேதி போட்டு, படத்தைப் பற்றிப் பிள்ளை சொன்ன ஒரு வரியை அப்படியே எழுதிவிடுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், நீங்கள் கோடு என்று நினைத்தது அவனுக்குக் கபடிக் கோடாக இருக்கும். கடைசியில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஜூனில் குச்சி மாதிரி நின்ற ஆளுக்கு ஜனவரியில் முழங்கை மடங்கியிருக்கும், தனியாக நின்றவனுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் வந்திருப்பார்கள். அதைப் பதிவேட்டில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். சிலருக்கு ஒன்றும் மாறியிருக்காது, அதையும் எழுதுங்கள். பக்கத்து பெஞ்சுக்காரனோடு ஒப்பிட வேண்டாம், அந்தப் பிள்ளையின் ஜூன் மாதப் படத்தோடு ஒப்பிட்டால் போதும். வகுப்பு நடக்கும்போது எல்லாரையும் கவனிக்க முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். வாரத்துக்கு ஐந்து பேர். யார் தானாக வண்ணம் தேடினார், யார் பிடிக்காமல் தாளைத் திருப்பி மறுபடி ஆரம்பித்தார் என்று நாட்குறிப்பில் ஒரு சொல் குறித்தால், கிரேடு போடும் நாளில் ‘ஏ’யோ ‘பி’யோ அதிலிருந்து தானாக வரும்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் யானைக்கு ஊதா நிறம் அடித்தாள், கோட்டைத் தாண்டியும் போய்விட்டது. ‘பி’ போட்டு “சாம்பல் நிறம் அடிக்கவும்” என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதிலிருந்து படமே வரைய மாட்டேன் என்கிறாள்.
– வாசகி, சேலம்

அச்சடித்த யானைக்குள் வண்ணம் நிரப்பச் சொன்னார்கள் என்றால் அது கைக்குப் பயிற்சி, அவ்வளவுதான். குழந்தைகள் வரைவதை நீண்ட காலம் ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்டு, வண்ணம் நிரப்பும் புத்தகங்களையே எதிர்த்தவர். ஏறத்தாழ நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை பிள்ளைகள் நிறத்தைப் பொருளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து எடுப்பதில்லை, பிடித்ததை எடுக்கிறார்கள் என்றார் அவர். ஏழுக்கு மேல்தான் வானம் நீலம், மரம் பச்சை என்று ஒரு வழக்கம் படிகிறது, தாளின் அடியில் தரைக்கோடு வருகிறது, சுவரைத் தாண்டி வீட்டுக்குள் ஓடும் ஃபேனும் தெரிகிற மாதிரிப் படங்கள் வருகின்றன. உங்கள் மகள் சரியாக அந்த வாசலில் நிற்கிறாள். வயதின் இயல்புக்கு மார்க் குறைத்தது, பால் பல் விழுந்ததற்குத் திட்டிய மாதிரி.

பள்ளியில் சண்டை வேண்டாம், ஒரு முறை பேசிப் பாருங்கள். வீட்டில் வெற்றுத் தாள் கொடுத்து நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது கிறுக்குங்கள். “என்ன இது?” என்று கேட்காதீர்கள், “சூப்பர்” என்றும் சொல்லாதீர்கள். “இந்த ஊதா யானை எங்கே போகிறது?” என்று கேளுங்கள், பதில் நீளமாகவே வரும்.

நன்றாக வரைபவர்களுக்கு நோட்டில் நட்சத்திரம் ஒட்டி ஊக்கப்படுத்துகிறோம். சரிதானே?
– தலைமையாசிரியர், விழுப்புரம் மாவட்டம்

சரியில்லை ஐயா. 1973-இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவிடம் “வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிறகு கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்ததும் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த குழு மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தது. சும்மா ஆசைக்கு வரைந்துகொண்டிருந்தது கூலி வேலையாகிவிட்டது, கூலி நின்றதும் வேலையும் குறைந்துவிட்டது.

கலைத் திருவிழாப் போட்டி வேறு, அங்கே நடுவர் உண்டு, முதலிடம் உண்டு, அது இருக்கட்டும். வகுப்பறைச் சுவரில் மட்டும் எல்லாருடைய படமும் பிள்ளைகளின் கண்ணுக்கு நேரான உயரத்தில் தொங்கட்டும், உங்கள் கண் உயரத்தில் இல்லை.

கும்மி ஆடும்போது ஒரு பையன் ஓரமாகவே நிற்கிறான். மதிப்பீட்டில் பூஜ்யமா?
– ஆசிரியர், தேனி மாவட்டம்

அவன் காலைப் பாருங்கள். தாளம் தட்டுகிறதா? அதை எழுதுங்கள்.

களிமண் பொம்மைகளை வருஷக் கடைசி வரை பாதுகாக்க வழி உண்டா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

சுடாத களிமண் வெடிக்கும், அலமாரியில் இடமும் இருக்காது. கைப்பேசியில் பிள்ளையையும் பொம்மையையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, மண்ணை மறுபடி வாளியில் போட்டு ஈரத்துணி மூடி வையுங்கள், அடுத்த வாரத்துக்கு ஆகும்.